நூற்றிருபது மீட்டருக்குக் கீழே

திங்கட்கிழமை காலை கோமதிநாயகத்தின் வீட்டு மொட்டைமாடி நூற்றுப் பன்னிரண்டு மீட்டர் உயரத்தில் இருந்தது.

வியாழக்கிழமை வரை அது தரையிலிருந்து மூன்றரை மீட்டரில்தான் இருந்தது. ஒரு மொட்டைமாடிக்கு அது போதுமான உயரம். யாரும் குறை சொன்னதில்லை. வெள்ளிக்கிழமை எழுந்து பார்த்தால் எண்பது. சனிக்கிழமை தொண்ணூற்றாறு. ஞாயிற்றுக்கிழமை லீவு நாள் என்றுகூடப் பார்க்காமல் நூற்றைந்து. கதவும் ஜன்னல்களும் இருந்த இடத்திலேயே இருந்தன. அவற்றுக்கு மேலே சுவர் மட்டும் வளர்ந்திருந்தது. வளர்ந்த சுவர் வெள்ளையடித்தே வந்திருந்தது. அந்த ஒரு விஷயத்தில் கோமதிநாயகத்துக்குத் திருப்தி.

தெருவில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போன வருஷம் கடைசி வீட்டுக்காரர்களின் வாசல் பக்கத்துத் தெருவுக்குப் போய்விட்டது. அவர்கள் சுற்றிக்கொண்டு வந்து போகிறார்கள். அதைப் பார்க்கும்போது மொட்டைமாடி மேலே போவது ஒன்றுமே இல்லை. நிழல் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான்.

சங்கடம் என்னவென்றால், மாடியில் கோமதிநாயகத்தின் மனைவி சண்முகவடிவு இருந்தாள்.

வியாழக்கிழமை காலை எட்டு நாற்பதுக்கு அவள் துணி வாளியோடு மேலே போனாள். அப்போது கோமதிநாயகம் கூடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார். உள்ளே ட்ரோன். அவர் பஜாரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். இருபத்தாறு வருஷமாக ஊர்க்காரர்களை ஒரு கண்ணை மூடச் சொல்லி, எதிரே உள்ள எழுத்தை வாசிக்கச் சொல்லி, உங்களுக்குப் பார்வை சரியில்லை என்று சொல்லியே பிழைப்பு நடத்துகிறவர். ஐம்பத்திரண்டு வயதில் திடீரென்று அவருக்கு ஊரை மேலே இருந்து பார்க்கும் ஆசை வந்துவிட்டது. வரக்கூடாது என்று யார் சொல்ல முடியும்?

நாலு இறக்கையில் மூன்றாவதை மாட்டிக்கொண்டிருந்தபோது வடிவு பக்கத்தில் வந்து நின்று ஏதோ சொன்னாள். அவர் "ம்" என்றார். அவள் போய்விட்டாள்.

நடந்தது அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் இறங்கி வரவில்லை. அவள் என்ன சொன்னாள் என்று அவருக்கு மறந்துவிட்டது என்றால் அது பொய். மறப்பதற்கு முதலில் காதில் விழ வேண்டும்.

வெள்ளிக்கிழமை அவர் படியேறிப் பார்த்தார். பதினெட்டுப் படி இருந்த இடத்தில் முந்நூறு ஏறினார். முந்நூற்றுப் பதினொன்றாவது படியில் திரும்பியதும் அவர் வீட்டு அடுக்களை வந்தது. குக்கர் வைத்தது வைத்தபடி இருந்தது. மறுபடி ஏறினார். இரண்டாவது தடவை குளியலறை வந்தது. வாசலில் நின்று கூப்பிட்டுப் பார்த்தார். குரல் அறுபது மீட்டர் வரை போய், அலுத்துத் திரும்பி வந்தது. வடிவின் செல்போன் ஃப்ரிட்ஜ் மேலே சார்ஜில் கிடந்தது.

கோபித்துக்கொண்டுவிட்டாள் என்று கோமதிநாயகம் முடிவு செய்தார்.

பக்கத்து வீட்டு ஞானமுத்து அண்ணாச்சி ரிட்டயர் ஆன பிறகு காற்றுமானி ஆகிவிட்டார். காலையில் மதில்மேல் ஏறி ஒற்றைக்காலில் நின்று, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு மெதுவாகச் சுற்றுவார். கேட்டால் காற்றின் திசையும் வேகமும் சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார். மத்தியானம் அவர் மனைவி இறக்கிச் சோறு போட்டு மறுபடி ஏற்றிவிடுவாள்.

"என்னவே கோமதி, நூத்திப் பன்னெண்டு" என்றார் அவர், சுற்றி இந்தப் பக்கம் வந்தபோது.

"பாத்தேன் அண்ணாச்சி."

"நாளைக்கு நூத்திப் பதினேழு. புதன்கிழமை காலையில நூத்திருபதத் தாண்டிரும். அதுக்கு மேல உம்ம ட்ரோன் போகக் கூடாது பாத்துக்கிடும். சட்டம் அதுவரைக்குந்தான்."

ட்ரோனை மேலே அனுப்பி வடிவின் முகத்தையாவது பார்த்துவிடலாம் என்பதுதான் கோமதிநாயகத்தின் திட்டம். முகத்தைப் பார்த்தால் எவ்வளவு கோபம் என்று தெரியும். எவ்வளவு என்று தெரிந்தால் எவ்வளவு இறங்கிப் போகலாம் என்று தெரியும். இப்போது அதற்கும் இரண்டு நாள்தான் இருக்கிறது.

"வியாழக்கிழமை அவ எங்கிட்ட ஏதோ சொன்னா. உங்களுக்குக் கேட்டுதா?"

"எம்மேலதான் உரசிட்டுப் போச்சு" என்றார் ஞானமுத்து, மறுபக்கம் திரும்பிக்கொண்டே. கோமதிநாயகம் அவர் சுற்றி வரும்வரை காத்திருந்தார். "எட்டு நாப்பது. தெக்க இருந்து வடக்க. மணிக்கு நாலு கிலோமீட்டர். சாந்தமான சொல்லு."

"என்ன சொல்லு?"

"அத அளக்கது என் சோலி இல்லலா."

அடுத்த சுற்றில் அவராகவே ஒன்று சொன்னார். "மேல போகையில வாளி மட்டும் கொண்டுபோகல. குடை இருந்துச்சு. தூக்குவாளி இருந்துச்சு. புளியோதரை வாசம்."

துணி காயப்போடப் போகிறவளுக்குப் புளியோதரை எதற்கு, குடை எதற்கு என்று வேறு யாராவது யோசித்திருப்பார்கள். கோமதிநாயகம் அப்படி யோசிக்கவில்லை. புளியோதரை மூன்று நாள் தாங்கும், ஆக மூன்று நாள் கோபத்துக்குத் தயாராகப் போயிருக்கிறாள் என்று கணக்குப் போட்டார். இன்று ஐந்தாவது நாள். தண்ணீர்த் தொட்டி மேலேதான் இருக்கிறது. தண்ணீர் உண்டு. சோறு இல்லை. அவருக்குக் காலைக் காபி இறங்கவில்லை.

அனுமதி இல்லாமல் பறக்கவிட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். மேலத்தெரு சுடலைமணி அப்படித்தான் விட்டார். அவர் வீட்டுக்கு மேலே இருந்த ஆகாயத்துக்குச் சீல் வைத்துவிட்டார்கள். இப்போது அங்கே மழையும் இல்லை, காக்கையும் இல்லை. துணி மட்டும் நன்றாகக் காய்கிறது.

ஆகவே கோமதிநாயகம் ட்ரோனைக் கட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஆகாய அலுவலகத்துக்குப் போனார்.

ஆகாய அலுவலகம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், தரைமட்டத்துக்கு ஏழு படி கீழே இருக்கிறது. ஆகாயத்தைக் கவனிப்பவர்கள் அதை அண்ணாந்துதான் பார்க்க வேண்டும் என்று விதி. உள்ளே தாழ்வாரம், வந்தவரின் அவசரத்தைப் பொறுத்து நீளும். கோமதிநாயகத்துக்கு அன்று நல்ல அவசரம். முக்கால் மணி நேரம் நடந்தார். அவருக்குப் பின்னால் வந்த, எந்த அவசரமும் இல்லாத ஒருவர் இரண்டே எட்டில் மேசையை அடைந்து, காரியத்தை முடித்து, பல் குத்திக்கொண்டே எதிரில் வந்தார்.

மேசையில் உலகம்மாள் என்ற பெண் அதிகாரி இருந்தாள். முன்னால் பழுப்பு நிறக் கோப்புகள். அவற்றின் ஓரத்தில் லேசாக நீலம் கசிந்திருந்தது. அவள் ஒரு துணியால் அதைத் துடைத்துக்கொண்டாள்.

"பறக்கணுமா, பறக்க விடணுமா?"

"விடணும்."

"தரைச் சான்று இருக்கா?"

"அப்படின்னா?"

"நீங்க தரையில நிக்கியன்னு சான்று. அது இல்லாம எப்படிக் குடுக்க?"

"இந்தா உங்க முன்னாலதான நிக்கேன்."

"இது ஆபீஸ் தரை. உங்க தரை எங்க?"

கோமதிநாயகம் யோசித்து, செருப்பைக் கழற்றித் திருப்பிக் காட்டினார். உலகம்மாள் முகர்ந்து பார்த்தாள். "செம்மண். மூணாவது தெரு. சரி" என்று செருப்பின் அடியில் முத்திரை குத்தினாள். அதன் பிறகு அவர் அந்தக் காலை ஊன்றாமல் நின்றார். மை காயவேண்டும் அல்லவா.

அவள் வரைபடத்தை விரித்தாள். ஊர் முழுவதும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் பூசியிருந்தது. "பச்சைன்னா விடலாம். மஞ்சள்னா கேட்டுட்டு விடணும். சிவப்புன்னா நெனைக்கவே கூடாது." மூன்றாவது தெரு பச்சையாகத்தான் இருந்தது. அவர் வீட்டுக்கு மேலே மட்டும் ஒரு பொட்டளவு சிவப்பு. அது அசைந்தது.

"இது என்ன மேடம்?"

"ஆளு. ஆள் தலைக்கு மேல பறக்கக் கூடாது. பக்கத்துல போலாம், எதுக்க போலாம், தலைக்கு மேல கூடாது."

"அது என் வீட்டம்மா."

"யாரா இருந்தா என்ன, தல தலதான்."

கோமதிநாயகம் குனிந்து சிவப்புப் பொட்டைப் பார்த்தார். அது கிழக்கு மூலைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மேற்கு மூலைக்கு வந்து நின்றது. மறுபடி கிழக்கு. கோபத்தில் உலாத்துகிறாள் என்று நினைத்துக்கொண்டார். ஆனாலும் அசைகிறாளே என்று நெஞ்சு கொஞ்சம் லேசானது. அந்தப் பொட்டை விரலால் தொட்டார். உலகம்மாள் வரைபடத்தைச் சுருட்டிவிட்டாள்.

விண்ணப்பம் நாலு பக்கம். இதற்கு முன் பறந்ததுண்டா, கனவில் பறந்ததைச் சேர்க்க வேண்டாம் என்று ஒரு கேள்வி. விழுந்ததுண்டா, உண்டெனில் எதில் என்று ஒரு கேள்வி. பேட்டரி தீர்ந்தால் ட்ரோன் தானாகத் திரும்ப வேண்டிய வீடு எது என்று ஒரு கேள்வி. எல்லாவற்றுக்கும் எழுதினார். ஒரு கட்டத்தில் பேனா நின்றது. அங்கே 'பார்வையாளர் பெயர்' என்று இருந்தது.

"நீங்க கையில இருக்கிற திரையப் பாப்பிய" என்றாள் உலகம்மாள். "அப்ப ட்ரோன யாரு பாப்பா? கம்பி இருக்கு, காக்கா வருதுன்னு யாரு சொல்லுவா? கண்ண எடுக்காம மேலயே பாத்துக்கிட்டு நிக்க ஒரு ஆளு வேணும். ட்ரோன் எறங்குதவரைக்கும் அந்த ஆளு எடத்த விட்டு நகரக் கூடாது."

"நான் கண்ணாடிக் கடை வச்சிருக்கேன் மேடம். எனக்குப் பார்வை ரொம்ப நல்லாருக்கும்."

"பார்வை இருக்கும். பாக்கணும்லா?"

அவர் அந்தக் கட்டத்தை அப்படியே விட்டார்.

பிறகு எடை. இருநூற்றைம்பது கிராமுக்குக் கீழே இருந்தால் சின்ன வகை, சுலபமான அனுமதி. அதற்கு மேல் போனால் பெரிய வகை, வேறு அலுவலகம், வேறு தாழ்வாரம். பெட்டியில் இருநூற்று நாற்பத்தொன்பது என்று அச்சடித்திருந்ததைப் பார்த்துத்தான் கோமதிநாயகம் வாங்கினார். தராசு இருநூற்று எழுபத்தொன்று காட்டியது.

உலகம்மாள் தராசைப் பார்த்தாள். பிறகு ட்ரோனைப் பார்த்தாள். "பூஜை போட்டியளா?"

"புதுசுலா" என்றார் கோமதிநாயகம்.

மூன்றாவது தெருவில் பூஜை போடாமல் யாரும் எதையும் ஓட்டியதில்லை. பஸ்ஸுக்குப் போட்டார்கள், சைக்கிளுக்குப் போட்டார்கள், டிராக்டருக்கும் மாவு அரைக்கும் கிரைண்டருக்கும் போட்டார்கள். கோமதிநாயகமும் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு ட்ரோனுக்குச் சந்தனம் தெளித்து, குங்குமம் வைத்து, வயிற்றில் ஓர் எலுமிச்சம்பழமும் இரண்டு பச்சை மிளகாயும் கட்டியிருந்தார். நாலு காலுக்கும் நாலு பழம் வைத்து நசுக்கியும் இருந்தார்.

"கழட்டுங்க."

எலுமிச்சம்பழத்தையும் மிளகாயையும் அவிழ்த்தார். இருநூற்று ஐம்பத்துநாலு. காலில் ஒட்டியிருந்த பழத்தோலைச் சுரண்டினார். இருநூற்று ஐம்பத்திரண்டு. சந்தனத்தையும் குங்குமத்தையும் கைக்குட்டையை நனைத்துத் துடைத்தார். துடைக்கும்போது கன்னத்தில் போட்டுக்கொண்டார். இருநூற்றைம்பது. அதற்குப் பிறகு எவ்வளவு துடைத்தும் முள் அசையவில்லை.

"இருநூத்தம்பது, சரியா வந்துட்டுலா?"

"கீழ இருக்கணும். சமமா இருந்தா கீழ ஆகாது." உலகம்மாள் ட்ரோனைத் தூக்கிக் காதருகே வைத்துக்கொண்டாள். விரலால் சுண்டினாள். "ஒரு கிராம் பேச்சு ஒட்டியிருக்கு."

"பேச்சா?"

"சொன்ன பேச்ச யாரும் வாங்கலன்னா பக்கத்துல இருக்கிற சாமான்ல ஒட்டிக்கிடும். இங்க நெறய வரும். போன மாசம் ஒரு பீரோ வந்துச்சு. நாலு பேர் சேந்தும் தூக்க முடியல."

"இதையும் கழிச்சிருங்க மேடம்."

"என்ன பேச்சுன்னு தெரியாம எப்படிக் கழிக்க? சொல்லுங்க, கழிச்சிருதேன்."

"தெரியாது. என் வீட்டம்மா சொன்னது."

"அப்ப அவங்ககிட்டக் கேட்டுட்டு வாங்க."

"அவகிட்டக் கேக்கணும்னா ட்ரோன் விடணும்."

"ட்ரோன் விடணும்னா கழிக்கணும்."

இரண்டுமே நியாயமாகத்தான் இருந்தன. கடைசியில் உலகம்மாள், நாளைக்கு ட்ரோன் விடுகிறவர்களுக்கான பரீட்சையை எழுதிவிடுங்கள், புதன்கிழமை ஏழு மணிக்கு நானே தராசோடு வந்து நேரில் பார்க்கிறேன், அதற்குள் பேச்சையும் கண்டுபிடியுங்கள், பார்வையாளரையும் கண்டுபிடியுங்கள் என்றாள். திரும்பி வரும்போது தாழ்வாரம் குட்டையாகத்தான் இருந்தது. அவருக்கு வீட்டுக்குப் போக அவசரம் இல்லை.

செவ்வாய்க்கிழமை மாடி நூற்றுப் பதினேழில் இருந்தது. பரீட்சை மண்டபத்துக்குக் கூரை கிடையாது. மேற்பார்வைக்கு ஒரு காக்கை வந்திருந்தது. வயதான, கண்டிப்பான காக்கை. வரிசைகளுக்கு நடுவே அது கையைப் பின்னால் கட்டிக்கொண்டதுபோல நடந்தது.

கேள்விகள் சுலபமாக இருந்தன. காற்று பலமாக அடித்தால் என்ன செய்வாய்? இறக்கிவிடுவேன். கூட்டத்துக்கு மேலே ஓட்டலாமா? கூடாது. எதிரே ஆள் ஏறிய விமானம் வந்தால் யார் ஒதுங்க வேண்டும்? நான். காக்கை வந்தால்? அதற்கும் நான். இதை எழுதும்போது காக்கை அவர் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்தது. திரை அணைந்துபோனால் முதலில் எங்கே பார்ப்பாய்? மேலே.

இருபத்தைந்தாவது கேள்வி: கடைசியாக உன்னிடம் சொல்லப்பட்டது என்ன?

கோமதிநாயகம் பேனாவைக் கடித்தார். பிறகு, வடிவு என்னவெல்லாம் சொல்லியிருக்கக்கூடும் என்று ஒவ்வொன்றாக எழுதினார். அரிசி தீர்ந்துவிட்டது. உங்க அக்கா போன் பண்ணினாள். முட்டி வலிக்கிறது. பிரஷர் மாத்திரை போட்டீர்களா? இந்தச் சேலை எப்படி இருக்கிறது? நான் கொஞ்ச நேரம் உங்க கடையில் வந்து இருக்கட்டுமா? மழை வரும்போல இருக்கிறது. எழுத எழுத வந்துகொண்டே இருந்தது. எல்லாமே அவள் என்றைக்கோ சொன்னதுதான். எல்லாவற்றுக்கும் தான் சொன்ன பதிலும் அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது, ஏனென்றால் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான். இரண்டு பக்கம் எழுதி முடித்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது. தாளை மடித்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

காக்கை வந்து தாளை அலகால் பிரித்து முழுவதையும் வாசித்தது. கடைசிக் கேள்விக்கு மார்க் போடவில்லை. இருபத்தைந்துக்கு இருபத்துநாலு, பாஸ்.

அன்று சாயங்காலம் அவர் பார்வையாளர் தேடித் தெருவில் இறங்கினார். ஞானமுத்து, "காத்து எங்க இருக்கோ அங்கதான்வே நான் திரும்ப முடியும்" என்று கையை விரித்தார், கை ஏற்கெனவே விரிந்துதான் இருந்தது. டீக்கடை பால்பாண்டி சந்தோஷமாக ஒத்துக்கொண்டார். அண்ணாந்து பார்த்தார். "மேல பாத்தா எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது அண்ணாச்சி" என்றார். "நீங்க குடுத்த கண்ணாடிதான்." கோமதிநாயகம் டீயைப் பாதியில் வைத்துவிட்டு நடையைக் கட்டினார்.

புதன்கிழமை ஏழு மணிக்கு உலகம்மாள் ஸ்கூட்டரில் வந்தாள். மடியில் தராசு. தோள்பையில் பதிவேடு.

"நூத்திப் பத்தொம்பது" என்று மதில்மேலிருந்து ஞானமுத்து கூவினார். "இன்னும் அரை மணி நேரந்தான்வே. காத்து ஆறு. நல்ல காத்து."

வீட்டுக்கு எதிரே இருந்த காலி மனையில் தராசை வைத்தார்கள். ட்ரோனை வைத்தார்கள். இருநூற்றைம்பது.

"பேச்சு?"

"தெரியல மேடம்."

"பார்வையாளர்?"

"கெடைக்கல."

வடிவு சாப்பிட்டு நாலு நாள் ஆகியிருக்கும். இன்னும் அரை மணி நேரத்தில் அவள் சட்டத்துக்கு அந்தப் பக்கம் போய்விடுவாள். அதற்குப் பிறகு அவள் முகத்தைக்கூடப் பார்க்க முடியாது. எல்லாம் ஒரு கிராமுக்காக. கோமதிநாயகம் மனைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

உலகம்மாள் விண்ணப்பத்தை மூடுவதற்காகப் பதிவேட்டைத் திறந்தாள். விரலால் வரியைத் தேடினாள். விரல் நின்றது.

"அண்ணாச்சி, உங்களுக்குத்தான் பார்வையாளர் இருக்காங்களே."

"யாரு?"

"போன வியாழக்கிழமையே பொறுப்பு எடுத்திருக்காங்க. எட்டு நாப்பது. இன்னும் எறங்கல. நீங்க ட்ரோன விட்டு எறக்குனாத்தான அவங்க எறங்க முடியும்?" பதிவேட்டை அவர் பக்கம் திருப்பினாள். "கோரிக்கை வாய்மொழி. ஒப்புதல் இந்தா இருக்கு. இது உங்க 'ம்' தான?"

கோமதிநாயகம் பார்த்தார். அவருடைய 'ம்' தான். அவசரத்தில் சொன்னது, புள்ளி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

குடை. புளியோதரை. கிழக்கு மூலை, மேற்கு மூலை. சாந்தமான சொல். அவருக்கு இப்போது எல்லாம் விளங்கியது. விளங்கிய வேகத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது. ஆறு நாளாக அவள் கோபித்துக்கொண்டிருக்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். ஆறு நாளாக அவள் வேலையில் இருந்தாள்.

"நீங்க திரையத்தான் பாப்பிய, நான் மேல நின்னு பாத்துக்கிடட்டுமான்னு கேட்டா" என்றார் கோமதிநாயகம், தராசில் இருந்த ட்ரோனிடம். "நான் சரின்னுட்டேன்."

முள் அசைந்தது. இருநூற்று நாற்பத்தொன்பது.

"சரி" என்று உலகம்மாள் எழுதிக்கொண்டாள்.

அவர் எழுந்து முறையாக எல்லாவற்றையும் பார்த்தார். பேட்டரி முழுசு. நாலு இறக்கையும் இறுக்கம். பக்கத்தில் ஆள் இல்லை, மேலே கம்பி இல்லை. திரும்பி வரவேண்டிய இடத்தைக் குறித்தார். ட்ரோன் தேனீக்கூட்டம்போல இரைந்துகொண்டு எழும்பியது. பத்து. முப்பது. அறுபதில் அவருடைய பழைய குரல்கள் சில சுவரோரமாகத் தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றைச் சுற்றிக்கொண்டு போனது. நூறு. நூற்றுப் பதினைந்து. நூற்றிருபதில் நின்றது. அதற்கு மேல் கைக்கருவியின் குச்சியை எவ்வளவு தள்ளியும் அது போகவில்லை. நேர்மையான ட்ரோன்.

திரையில் வெள்ளைச் சுவர் மட்டும் தெரிந்தது. மாடியின் கைப்பிடிச்சுவர். தளம் நூற்றுப் பத்தொன்பதரை, சுவர் ஒரு மீட்டர். அரை மீட்டர் பற்றவில்லை.

சுவருக்கு மேலே ஒரு குடை வந்தது. குடைக்குக் கீழே வடிவு வந்தாள். சுவர்மேல் நெஞ்சை வைத்து நன்றாகக் குனிந்து எட்டிப் பார்த்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. முகத்தில் கோபம் இல்லை, தேடிப் பார்த்தும் இல்லை. முதலில் ட்ரோனைப் பார்த்தாள், பிறகு அதற்கு இடப்பக்கம் ஆகாயத்தைப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்து ஏதோ சொன்னாள்.

திரைக்குச் சத்தம் கிடையாது. கோமதிநாயகத்தின் உதடுகள் பழக்கத்தில் ஒன்றோடொன்று ஒட்டி, 'ம்' சொல்லத் தயாராயின. அவர் கஷ்டப்பட்டு அவற்றைப் பிரித்தார்.

"என்ன சொன்ன வடிவு?" என்று கத்தினார். "எனக்குக் கேக்கல! இன்னொரு தடவ சொல்லு!"

குரல் அறுபது மீட்டரைத் தாண்டிப் போயிற்று. திரும்பி வரவில்லை.

"சொல்லு கெளம்பிட்டுவே!" என்றார் ஞானமுத்து. "மணிக்கு நாலு கிலோமீட்டர். எறங்க ரெண்டு நிமிசம் ஆகும். அங்கனயே நில்லும்."

கோமதிநாயகம் அங்கேயே நின்றார். அண்ணாந்த தலையை இறக்கவில்லை. கழுத்து வலித்தது. பேட்டரி ஐம்பது என்று திரை சொன்னது, பிறகு நாற்பத்தைந்து என்றது. உலகம்மாள் கையெழுத்துப் போடச் சொல்லித் தாளை நீட்டினாள். அவர் அதைப் பார்க்கவில்லை. ட்ரோனுக்கு இடப்பக்கம் ஆகாயத்தில் ஒரு காக்கை சிறகை விரித்தபடி நகராமல் நின்றது. வயதான, கண்டிப்பான காக்கை. சொல் வந்து சேரட்டும் என்று அதுவும் காத்திருந்தது.

இரண்டு நிமிஷம் கழித்து சொல் வந்து அவர் காதில் இறங்கியது. வெயிலில் காய்ந்த துணியின் சூடு அதில் இருந்தது.

"எடப்பக்கம் காக்கா வருது. கொஞ்சம் ஒதுங்கிக்கிடுங்க."

அவர் ட்ரோனை வலப்பக்கம் ஒதுக்கினார். காக்கை தலையை அசைத்துவிட்டுக் கடந்து போயிற்று. அதன் பின்னாலேயே இன்னொரு சொல் வந்தது.

"போதும், எறக்குங்க. நானும் வாரேன்."

"சரி வடிவு" என்றார் கோமதிநாயகம். "எறக்குதேன். நீயும் வா."

ட்ரோன் இறங்கிச் செம்மண்ணில் உட்கார்ந்தது. இறக்கைகள் நின்றன. அவர் கருவியை உலகம்மாளிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் ஓடிப்போய்ப் படிக்கட்டின் அடியில் நின்றார். மாடி நூற்றிருபதைத் தாண்டிவிட்டது என்று ஞானமுத்து வெளியிலிருந்து சொன்னார். அதைப் பற்றி இப்போது யாருக்கும் கவலை இல்லை.

வெகு உயரத்தில் வாளி ஒரு படியில் இடித்தது. பிறகு இன்னொரு படியில். கோமதிநாயகம் எண்ண ஆரம்பித்தார்.

உலகம்மாள் வாசற்படியில் உட்கார்ந்து பதிவேட்டில் புதிதாக ஒரு வரி எழுதினாள். இறங்குவது சண்முகவடிவு, பார்வையாளர் கோமதிநாயகம். "எத்தன படி அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

"தெரியாது" என்றார் அவர், தலையைத் திருப்பாமல்.

நாற்பத்தேழாவது படியில் வாளி நின்றது. மேலே இருந்து மெதுவாக ஒரு சொல் இறங்கி வந்தது.

"இருக்கியளா?"

"இருக்கேன்" என்றார் கோமதிநாயகம். "பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நாப்பத்தெட்டு."